பாடும் பறவைச் சிமிழ்

நுழையும்முன்

ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் உருவாக்கியது 1877 ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளங்கையில் அடங்கும் சிமிழ் ஒன்றிலிருந்து சின்னஞ்சிறு பறவையொன்று எழுந்து பாடியது. மின்சாரம் இல்லை, ஒலிப்பதிவு இல்லை. காற்று, தோல், பித்தளை, மனிதனின் பொறுமை ஆகியவையே அதன் குரலுக்கு மூலப்பொருள்கள். அப்பறவை எவ்வாறு பாடியது? அதனைப் பாடவைத்த கைகள் எவற்றைக் கற்றிருந்தன? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

ஏரியின் குரல்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில், தமிழகமும் ஆந்திரமும் கைகோக்கும் இடத்தில் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி இதுவே. கூனங்குப்பம், கோட்டைக்குப்பம், அரங்கம்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் இதன் கரையிலும் கடலோரத்திலும் அமைந்துள்ளன. ஐப்பசித் திங்கள் தொடங்கிப் பங்குனி வரை, வடபுலத்திலிருந்து வரும் பறவைகள் இவ்வேரியின் ஆழமற்ற நீர்ப்பரப்பில் இறங்குகின்றன. பூநாரை, கூழைக்கடா, உள்ளான், ஆலா என அவற்றின் வரிசை நீளமானது.

ஏரியில் வலை வீசுவோர் பறவைகளைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் அறிவர். பூநாரைக் கூட்டத்தின் கரகரத்த ஒலி வேறு. சேற்றில் ஓடி இரைதேடும் உள்ளானின் மெல்லிய சீழ்க்கை வேறு. நீரின்மேல் பாயும் மீன்கொத்தியின் கூரிய கத்தல் வேறு. இருள் பிரியாத வேளையில் படகைத் தள்ளும்போது, முதலில் விழித்த பறவை எதுவெனக் குரலே சொல்லிவிடும்.

இவ்வாறு கேட்டுப் பிரித்தறியும் திறனைத் தமிழ் மொழி தன் சொற்களிலேயே பொதிந்து வைத்துள்ளது. குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், புறா குனுகும், ஆந்தை அலறும், கிளி பேசும். ஒவ்வொரு பறவையின் ஒலிக்கும் தனித்தனிச் சொல் வழங்குவதை மரபுச்சொற்கள் என இலக்கணம் கற்பிக்கிறது. கூர்ந்து கேட்ட செவிகள் இல்லையேல் இச்சொற்கள் தோன்றியிரா. பறவையின் குரலைச் சொல்லாக்கிய செவி ஒருபுறம் இருக்க, அக்குரலைப் பொறியாக்கிய செவியும் உலகில் இருந்தது. அதன் விளைவே பாடும் பறவைச் சிமிழ்.

சிமிழின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் கடிகாரக் கைவினைஞர்கள் இச்சிமிழ்களைச் செய்யத் தொடங்கினர். மூக்குப்பொடி வைத்துக்கொள்ளும் சிமிழின் வடிவையே இவை பெரிதும் பின்பற்றின. நீளம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். உயரம் மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர். பொன், வெள்ளி, ஆமையோடு ஆகியவற்றால் புறக்கூடு அமைந்தது. மேற்பரப்பில் எனாமல் ஓவியமோ செதுக்கு வேலைப்பாடோ விளங்கும். அதன் நடுவில் முட்டை வடிவில் சிறுமூடி ஒன்று இருக்கும்.

சாவியால் முறுக்கேற்றி, முன்புறத்திலுள்ள சிறு தள்ளியை நகர்த்தினால் மூடி திறக்கிறது. இரண்டு சென்டிமீட்டரே உயரமுள்ள பறவை நிமிர்ந்து எழுகிறது. இடமும் வலமும் திரும்புகிறது, அலகைத் திறந்து மூடுகிறது, சிறகை அடிக்கிறது, வாலை அசைக்கிறது. ஏறத்தாழ இருபது விநாடிகள் பாடுகிறது. பாட்டு முடிந்ததும் ஒருக்களித்துச் சாய்ந்து உள்ளே படுத்துக்கொள்ள, மூடி அதன்மேல் விழுந்து அடைபடுகிறது. காண்போர் கண்ணுக்குப் பறவையே பாடுவதாகத் தோன்றும். உண்மையில் ஒலி பறவையின் வாயிலிருந்து வருவதில்லை. அதன் காலடியில் மறைந்துள்ள ஊதல் ஒன்றிலிருந்து வருகிறது.

குரலின் பிறப்பு

தென்னங்கீற்றையோ பனையோலையையோ சுருட்டி ஊதல் செய்து விளையாடிய குழந்தைக்குச் சிமிழின் முதல் மறைபொருள் தெரியும். காற்றைக் குறுகிய வழியில் செலுத்தினால் அது அதிர்கிறது. அதிரும் காற்றே ஒலியாகிறது. குழலின் நீளம் குறையக் குறைய ஒலியின் சுருதி உயர்கிறது.

இயற்பியல் பாடத்தில் கற்கும் கணக்கு ஒன்றே இதனைத் தெளிவாக்கும். ஒருமுனை மூடிய குழலில் எழும் அடிப்படை அதிர்வெண்ணைக் காண, ஒலியின் வேகத்தைக் குழல் நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் எனக் கொள்வோம். குழலின் நீளம் 5 சென்டிமீட்டர் எனில் அதிர்வெண் 1700 ஹெர்ட்ஸ். நீளம் 2.5 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதிர்வெண் 3400 ஹெர்ட்ஸ் ஆகிறது. பாடும் பறவைகள் பலவற்றின் குரல் இவ்வெல்லையை ஒட்டியே அமைகிறது. எனவே விரல் நீளமும் இல்லாத ஊதல் ஒன்று பறவையின் சுருதியைத் தொட்டுவிட இயலும்.

சுருதியைத் தொடுவது எளிது. பறவையைப் போலப் பாடுவது எளிதன்று. இச்சிமிழ்களுக்கு முன்பே ‘செரினெட்’ என்னும் கைப்பெட்டி பிரான்சில் வழங்கியது. கைப்பிடியைச் சுழற்றினால் துருத்தி காற்றைத் தரும். முள் பதித்த உருளை சுழன்று, வரிசையாக நிற்கும் சிறுகுழல்களை ஒவ்வொன்றாகத் திறக்கும். வீட்டில் வளர்த்த கானரிப் பறவைகளுக்கு மெட்டுகளைக் கற்பிக்கவே இது பயன்பட்டது. பறவையிடம் மனிதன் பாட்டுக் கற்ற காலம்போய், பொறியிடம் பறவை பாட்டுக் கற்றது!

செரினெட்டில் ஒரு குறை இருந்தது. ஒரு குழலுக்கு ஒரு சுரம் என்பதால், படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒலி தாவித்தாவிச் சென்றது. உயிருள்ள பறவையோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது, நடுங்குகிறது, இழைகிறது. கருநாடக இசையில் கமகம் என்பது எதுவோ அதனை ஒத்தது இவ்விழைவு. பல குழல்களை அடுக்குவதால் இதனைப் பெற முடியாது, இடமும் போதாது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் ஜாக்கே-துரோ, அவர் மகன் ஆன்ரி-லூயி, அவர்களுடன் பணியாற்றிய ழான்-பிரடெரிக் லெஷோ ஆகியோரின் பட்டறை இச்சிக்கலுக்கு விடை கண்டது. பல குழல்களுக்கு மாற்றாக ஒரே குழலை வைத்தனர். அதன் அடியை நிலையாக மூடாமல், உள்ளே முன்னும் பின்னும் நகரும் உந்துதண்டு ஒன்றைப் பொருத்தினர். தண்டு உள்ளே நகர்ந்தால் காற்றறை சுருங்கும், சுருதி உயரும். வெளியே நகர்ந்தால் சுருதி தாழும். தண்டு இடைவிடாது நகர்வதால் சுரங்களும் இடைவிடாது வழுக்கின. பறவையின் கமகம் பொறிக்குக் கைவந்தது.

தெரிந்து தெளிவோம்

பறவைகளுக்கு மனிதரைப்போல் தொண்டையின் மேற்பகுதியில் குரல் பிறப்பதில்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் ‘சிரிங்ஸ்’ என்னும் ஒலியுறுப்பு அமைந்துள்ளது. பாடும் பறவைகள் பல, அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்கி ஒரே வேளையில் இரு வேறு ஒலிகளை எழுப்ப வல்லவை. சிமிழின் ஒற்றை ஊதலுக்கு இது இயலாது.

பித்தளையில் எழுதிய பாட்டு

உந்துதண்டு எப்போது, எவ்வளவு நகர வேண்டும் என்பதை அதற்கு யார் சொல்வது? இங்கேதான் சிமிழின் நுட்பம் உச்சம் பெறுகிறது.

முறுக்கேற்றிய சுருள்வில் மெல்ல விரிந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. முழுமுறுக்கில் இருக்கும் சுருள்வில் மிகுந்த வலிமையுடன் இழுக்கும். தளரத் தளர வலிமை குன்றும். அப்படியே விட்டால் பாட்டு விரைவாகத் தொடங்கி இழுபட்டு முடியும். இதனைச் சீர்செய்யப் பழைய சிமிழ்களில் கூம்பு வடிவச் சக்கரமும் அதில் சுற்றிய மெல்லிய சங்கிலியும் இருந்தன. விசை மிகும்போது சங்கிலி கூம்பின் குறுகிய பகுதியையும், விசை குன்றும்போது அகன்ற பகுதியையும் இழுக்கும். அதனால் பொறிக்குக் கிடைக்கும் விசை சமமாகிறது. காற்றைத் தள்ளிக்கொண்டு சுழலும் சிறு இறக்கை ஒன்று வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிறது.

சுழலும் அச்சில் பித்தளை வட்டுகள் சில அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் மேடுகளும் பள்ளங்களும் அரத்தால் அராவப்பட்டிருக்கும். பொறியியலார் இதனைக் ‘கேம்’ என்பர். விளிம்பைத் தொட்டபடி நெம்புகோலின் முனை ஒன்று நிற்கும். வட்டு சுழலும்போது, மேட்டில் நெம்புகோல் உயரும், பள்ளத்தில் தாழும். ஒரு வட்டு உந்துதண்டை நகர்த்திச் சுருதியை ஆள்கிறது. மற்றொரு வட்டு காற்றடைப்பைத் திறந்து மூடி, ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதை ஆள்கிறது. பிற வட்டுகள் பறவையின் உடலசைவுகளைக் கவனிக்கின்றன. ஒலி எழும் கணத்தில் அலகு திறக்கும்படி இவை ஒத்திசைக்கப்படுகின்றன. அந்த ஒத்திசைவு நூலிழை தவறினாலும் பறவை பொம்மையாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் காற்றை வழங்குவது துருத்தி. கொல்லன் உலையில் காணும் துருத்தியின் நுண்வடிவமே அது. விலங்கின் குடலிலிருந்து எடுத்த மிகமெல்லிய தோலால் அதனைச் செய்தனர். துருத்தி விட்டுவிட்டு ஊதினாலும் ஊதலுக்குக் காற்று ஒரே சீராகச் செல்ல வேண்டும். அதற்காகக் காற்றைத் தேக்கிவைக்கும் இரண்டாவது அறை ஒன்றும் அமைக்கப்பட்டது. ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றை அடக்கி, மூச்சு வாங்கும்போதும் ஒலி அறாமல் காக்கிறார் அல்லவா? அதே வேலையை இவ்வறை செய்கிறது.

வட்டின் விளிம்பே பாட்டின் ஏடு என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. பறவையின் பாட்டைச் செவியால் கேட்டு, மனத்தில் நிறுத்தி, அதனை மேடுபள்ளமாக மாற்றி அரத்தால் எழுதினான் கைவினைஞன். எழுதியபின் பொறியை ஓட்டிக் கேட்டான். பிசிறு தட்டிய இடத்தை மீண்டும் அராவினான். அளவுக்கு மிஞ்சி ஒருமுறை அராவிவிட்டால் இழந்த உலோகத்தை மீட்க வழியில்லை. வட்டு முழுவதும் வீணாகும்.

சிறகின் விலை

பறவையின் உடலைச் செய்வது தனிக்கலை. மணியளவு உலோகக் கூட்டின்மேல் இறகுகளை ஒவ்வொன்றாக ஒட்டினர். இரண்டு சென்டிமீட்டர் உடலுக்குப் பெரிய பறவையின் இறகு பொருந்தாது. எனவே உலகின் மிகச்சிறிய பறவை இனமான அமெரிக்க ரீங்காரச்சிட்டின் ஒளிரும் இறகுகளைப் பெரிதும் பயன்படுத்தினர். அலகை எலும்பிலோ தந்தத்திலோ செதுக்கினர்.

இச்சிமிழ்களின் அழகுக்குப் பின்னால் உள்ள முரணும் இதுவே. பறவையின் குரலைப் போற்றிச் செய்த பொறிக்கு உயிர்ப்பறவையின் உடல் விலையாயிற்று. ஆமையோடும் தந்தமும் அவ்வாறே உயிர்களிடமிருந்து பெறப்பட்டவை. இன்று அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் உடற்பொருள்களை நாடுவிட்டு நாடு விற்பதைப் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. பழஞ்சிமிழ்களைச் செப்பனிடுவோரும் இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே பணியாற்ற வேண்டும்.

பொறிப்பறவையின் நெடுவழி

பாடும் பொறியைப் பற்றிய கனவு சுவிட்சர்லாந்தில் தோன்றியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஈரோன், தொட்டியில் நீர் நிரம்பும்போது வெளியேறும் காற்றைக் குழல்களில் செலுத்திப் பறவைப் பொம்மைகளை ஒலிக்கச் செய்யும் முறையை எழுதிவைத்தார். 1206 ஆம் ஆண்டில் அல்-ஜசாரி அரபு மொழியில் இயற்றிய பொறிநூல், நீரால் இயங்கும் பலவகைக் கருவிகளைப் படங்களுடன் விளக்குகிறது. பதினோராம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட போசனின் பெயரால் வழங்கும் ‘சமராங்கண சூத்திரதாரம்’ என்னும் வடமொழிச் சிற்பநூலில் பொறிகளுக்கென்றே ஓர் இயல் உண்டு.

தமிழ்க் காப்பியங்களும் இக்கனவைக் கண்டன. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரையின் மதிற்பொறிகளை அடுக்கிக் கூறும்போது, பாய்ந்து தாக்கும் மீன்கொத்தி வடிவப் பொறியையும் குறிப்பிடுகிறது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்கப் பொறியானை ஒன்று உதவுகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, கருவுற்றிருந்த விசயையை அதில் ஏற்றி அனுப்புகிறான். இம்மூன்றும் புலவர் கற்பனை. பட்டறையில் செய்யப்பட்டதற்கான சான்று ஆகா. எனினும் விலங்கும் பறவையும் பொறியாக இயங்கக்கூடும் என்னும் எண்ணம் தமிழ் மனத்துக்கு அயலானதன்று என்பதை இவை காட்டுகின்றன.

தென்னிந்தியாவில் துருத்தியும் குழலும் கொண்டு உண்மையில் ஒலித்த பொறி ஒன்று உண்டு. மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுக்காக 1790களில் செய்யப்பட்ட மரப்புலி அது. ஐரோப்பிய வீரன் ஒருவனை வீழ்த்தி அவன்மேல் நிற்கும் புலியின் வடிவம் கொண்டது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும். புலியின் உறுமலும் வீரனின் ஓலமும் தனித்தனிக் குழல்களிலிருந்து எழும். வீரனின் கை உயர்ந்து தாழும். புலியின் விலாப்புறக் கதவைத் திறந்தால், விரலால் வாசிக்கத்தக்க சிறு ஆர்கன் இசைக்கருவியும் உள்ளே காணப்படும். 1799 இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இப்புலி, இன்று அந்நகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜெனீவாவில் பறவை பாடிய அதே காலத்தில் மைசூரில் புலி உறுமியது. இரண்டையும் இயக்கியது துருத்தியின் மூச்சே.

கைகள் குறைந்த கதை

ஜாக்கே-துரோ பட்டறைக்குப்பின் ஜெனீவாவின் ரோஷா உடன்பிறப்புகள் இக்கலையில் புகழ்பெற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் போன்தெம் குடும்பத்தார், சிமிழ்களோடு கூண்டில் பாடும் பறவைகளையும் செய்தனர். இருபதாம் நூற்றாண்டில் செருமனியின் திரிபெர்க் நகரத்துக் கிரீசுபாம் பட்டறை இம்மரபைத் தொடர்ந்தது. சுவிட்சர்லாந்தின் ரூஜ் நிறுவனம் இசைப்பெட்டிகளோடு பாடும் பறவைகளையும் செய்துவருகிறது. எனினும் ஒரு காலத்தில் அரசவைகளை வியக்கவைத்த இக்கலையை முழுமையாக அறிந்த கைகள் இன்று மிகச்சில.

இக்குறைவுக்குக் காரணங்கள் வெளிப்படை. ஒலிப்பதிவுக் கருவி வந்தபின், பாட்டைக் கேட்கப் பொறிப்பறவை தேவைப்படவில்லை. ஒரு சிமிழைச் செய்ய ஆகும் காலமும் செலவும் மிகுதி. கடிகார வேலை, தோல் வேலை, பொற்கொல்லர் வேலை, இசையறிவு ஆகிய அனைத்தும் ஒரு பட்டறையில் கூடவேண்டும். அவற்றுள் ஒன்றைக் கற்பிக்க ஆளில்லாது போனாலும் சிமிழ் ஊமையாகும்.

செப்பனிடுவோர் சந்திக்கும் இடர் இதனைத் தெளிவாக உணர்த்தும். துருத்தித் தோல் காலப்போக்கில் விறைத்து வெடிக்கும், அதனை மாற்றலாம். சுருள்வில் அறுந்தால் புதிதாகப் பொருத்தலாம். உதிர்ந்த இறகையும் ஈடுசெய்யலாம். ஆனால் வட்டின் விளிம்பு தேய்ந்தாலோ, அறியாதவர் அதனை அராவிவிட்டாலோ, அந்தப் பாட்டு அந்த வட்டோடு போயிற்று. அதற்கு வேறு படி இல்லை, குறிப்பேடும் இல்லை. பாட்டின் ஒரே ஏடு அப்பித்தளையே. எனவே திறமைமிக்க செப்பனிடுவோர் முதலில் கருவியை எடுப்பதில்லை, காதைக் கொடுக்கின்றனர். எந்த ஒலி பறவையுடையது, எது பழுதின் ஒலி என்று பிரித்தறிந்த பின்னரே திருகைத் தொடுகின்றனர்.

2020 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் இணைந்து முன்மொழிந்த கடிகாரப் பொறிக்கலையையும் கலைப்பொறி வினைத்திறனையும் மானுடத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிமிழை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். சிமிழ் செய்யும் அறிவைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்க இயலாது. அது கையிலிருந்து கைக்கு மாறினால்தான் உயிர்வாழும். ஏற்பின் பொருள் இதுவே.

தெரிந்து தெளிவோம்

டென்மார்க்கு எழுத்தாளர் ஆன்சு கிறித்தியன் ஆண்டர்சன் 1843 இல் வெளியிட்ட ‘நைட்டிங்கேல்’ என்னும் கதையில், சீனப் பேரரசர் ஒருவர் மணிகள் இழைத்த பொறிப்பறவையில் மயங்கி உயிர்ப்பறவையை மறக்கிறார். ஒருநாள் பொறியின் உள்ளுறுப்பு அறுந்துபோகிறது. தேய்மானம் மிகுந்துவிட்டதால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அதனைப் பாடவைக்கலாம் என்கிறார் செப்பனிட்ட கடிகாரக் கைவினைஞர். அரசர் நோயுற்றபோது அவரைத் தேற்ற வருவது உயிர்ப்பறவையே.

மீண்டும் ஏரிக்கரையில்

கையிலிருந்து கைக்கு மாறும் அறிவு சுவிட்சர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. பழவேற்காட்டில் பனையோலையைக் கிழித்து, சாயமேற்றி, மூடியோடு கூடிய பெட்டிகளையும் கூடைகளையும் முடையும் பெண்கள் உள்ளனர். எந்த ஓலை எவ்வளவு வளையும், எந்த இழையில் நிறத்தை மாற்றினால் கோலம் பிறக்கும் என்பன அவர்களின் விரல்களில் எழுதப்பட்டவை. எந்த மீனுக்கு எவ்வளவு கண் கொண்ட வலை, எந்தக் காற்றில் எந்தத் துறை என்னும் மீனவர் அறிவும் அத்தகையதே. தேய்ந்த பித்தளை வட்டைப்போல, கற்றுக்கொள்ள ஆளில்லாத கையும் தன் பாட்டைத் தன்னோடு கொண்டுபோகும்.

இவ்வறிவுகள் அனைத்துக்கும் அடியில் இருப்பது ஏரி. அதன் முகத்துவாரம் மணலால் அடைபடும்போது கடல்நீரின் வரவு குறைகிறது; மீன்வளம் குன்றுகிறது; மீனை நாடிவரும் பறவைகளின் வரவும் குறைகிறது. பறவைகளைக் காக்கும் பொருட்டு ஏரியின் தமிழகப் பகுதி 1980 இல் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. மீனவர் வாழ்வும் பறவைகளின் வாழ்வும் ஒரே முகத்துவாரத்தின் வழியே மூச்சு விடுகின்றன என்பதை இவ்வேரி ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

பாடும் பறவைச் சிமிழ் எத்தனை முறை திறந்தாலும் அதே இருபது விநாடிப் பாட்டையே பாடும். பருவம் அறியாது, துணையை அழைக்காது, பகையைக் கண்டு எச்சரிக்காது. அதன் பெருமை அது பாடும் பாட்டில் மட்டும் இல்லை. அப்பாட்டை எழுதுவதற்கு முன், ஒரு மனிதன் எங்கோ ஒரு மரத்தடியில் நின்று, பறவையின் குரல் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் நடுங்கும் இடத்தையும் பொறுமையாகக் கேட்டான். அந்தக் கேட்டலே கைவினையின் முதற்படி. பழவேற்காட்டின் விடியலில் உள்ளானின் சீழ்க்கை எழும்போது, அம்முதற்படி இன்றும் எவருக்கும் திறந்தே இருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் விடியற்காலையில் கேட்கும் பறவை ஒலிகளை ஒரு வாரம் கவனித்து, அவற்றுக்குரிய மரபுச்சொற்களுடன் பட்டியலிடுக.

2. ஒருமுனை மூடிய குழலின் நீளம் 4 சென்டிமீட்டர் எனில், அதில் எழும் அடிப்படை அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, சிமிழின் ஊதல் இயங்கும் முறையோடு ஒப்பிட்டு எழுதுக.

3. உங்கள் பகுதியில் எழுத்தில் இல்லாமல் கைவழியாக மட்டுமே கற்பிக்கப்படும் தொழில் ஒன்றைத் தேர்ந்து, அதனைச் செய்பவரை நேர்கண்டு, அதன் படிநிலைகளைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

4. ‘பொறியைக் காப்பதினும் பொறி செய்யும் அறிவைக் காப்பதே கடினம்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் விளக்குக.